குழந்தைசாமி அண்ணனின் இடது கால்

நேற்றுக் காலை மருமகள் பித்தளைக் குத்துவிளக்கைக் கொல்லையில் போட்டுப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடையில் அதற்கென்று என்னென்னவோ தூள் விற்கிறார்கள். வீட்டில் தூள் தீர்ந்துவிட்டது, அதனால் புளி. பழம்புளியும் பித்தளையும் சேர்ந்தால் பல்லைக் கூச வைக்கிற ஒரு வாசனை வரும். அது மூக்கில் ஏறியதும் எனக்கு இரண்டு டிரம்பெட் சத்தம் கேட்டது, இரண்டும் இரண்டு விதமாக. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதை மருமகளிடம் சொல்லிவிட்டேன். "காது டாக்டரப் பாத்துட்டு வந்துடலாமா மாமா?" என்று கேட்டாள். எண்பதைத் தாண்டியவன் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு டாக்டர் இருக்கிறார். நீங்கள் டாக்டரிடம் அனுப்பமாட்டீர்கள் என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் செஞ்சியில் ஒரு பேண்டு செட் இருந்தது. கல்யாணம், சாவு, கோயில் திருவிழா எதற்கும் வருவோம். 'வருவோம்' என்கிறேன் பாருங்கள், அதில் நானும் ஒருவன். ஏழு பேர். வேலை உள்ள நாளில் விடியற்காலையிலேயே லூர்து மாஸ்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பித்தளைச் சாமான்களையெல்லாம் புளி போட்டுத் தேய்ப்போம். அந்தக் கையோடு சோறு தின்றால் தனியாக ரசம் தேவைப்படாது. எங்கள் செட்டில் பளிச்சென்று இருந்தது அந்தப் பித்தளை மட்டும்தான் என்று ஊரில் சொல்வார்கள். அதை நாங்கள் பாராட்டாக எடுத்துக்கொள்வோம்.

லூர்து மாஸ்டருக்குத் தொழில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது. வாலிபத்தில் அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளப் பாண்டிச்சேரிக்குப் போனவர், ஈயத்தோடு ஒரு கிளாரினெட்டையும் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். வந்ததும் செட்டைக் கூட்டினார். நான் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், செட்டுக்கு இருபது வயது. இருபது வருடமாக அது ஒரே மாதிரி வாசித்துக்கொண்டிருந்தது. முன்னேறவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. பின்னால் போவதற்கு இடமும் இல்லை என்பார்கள்.

டிரம்பெட் வாசித்தவர்கள் அந்தோணியும் சின்னப்பனும். அந்தோணியின் தங்கையைத்தான் சின்னப்பன் கட்டியிருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. சொத்துத் தகராறு இல்லை, சீர்வரிசைத் தகராறும் இல்லை. தாளத்தைக் கெடுப்பது சின்னப்பன் என்று அந்தோணி நினைத்தார், அந்தோணி என்று சின்னப்பன் நினைத்தார். இதற்காகப் பன்னிரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் வீட்டில் குழந்தை பிறந்தால் இன்னொருவருக்கு மாஸ்டர் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். சின்ன டிரம், ஜால்ரா அடித்த இருவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் எப்படி அடிக்கிறேனோ அப்படியே அவர்களும் அடிப்பார்கள்.

குழந்தைசாமி அண்ணன் வாசித்தது தோளில் சுற்றிப் போட்டுக்கொள்கிற பெரிய குழல். அதற்குச் சரியான பேர் எங்களில் யாருக்கும் தெரியாது, 'பெருசு' என்போம். வாலிபத்தில் பனைமரத்திலிருந்து விழுந்து அவருக்கு இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. விந்தி விந்திதான் நடப்பார். உடம்பில் வேறு ஒரு குறையும் சொல்ல முடியாது. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன்.

நான் செஞ்சிக் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். யுத்தத்தில் டயருக்குப் பஞ்சம். ட்யூபுக்குப் பதில் கந்தலை அடைத்து சைக்கிளை வாடகைக்கு விட்டோம், அதையும் மிதித்துக்கொண்டு மனிதர்கள் திண்டிவனம் வரைக்கும் போனார்கள். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, செட்டில் பெரிய டிரம் அடித்துக்கொண்டிருந்தார். அவர் பட்டாளத்துக்குச் சமையல்காரராகப் போனதும் டிரம் என் வயிற்றுக்கு வந்துவிட்டது. அதைத் தாங்குகிற அகலம் செஞ்சியில் எனக்குத்தான் இருந்ததாம். சங்கீதத் தகுதி என்று நான் வாழ்க்கையில் பெற்றது அது ஒன்றே.

ரயிலேறும் முன் மாமா எனக்கு வித்தை முழுவதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். "முன்னால போறவன் காலப் பாத்து அடி. அவன் காலு கீழ வெக்கிறப்ப நீ கோல வெய்யி. வேற எங்கயும் பாக்காத." எனக்கு முன்னால் போனவர் குழந்தைசாமி அண்ணன். நான் அவர் காலைப் பார்த்தேன், வேறு எங்கும் பார்க்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது எங்களுக்கு இருபது வருடம் விளங்கவில்லை. மாஸ்டர் எப்போதும் எல்லாருக்கும் முன்னால் போகிறவர், பின்னால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வழி இல்லை. அவருக்குப் பின்னால் டிரம்பெட் இரண்டும், அப்புறம் பெருசு, அப்புறம் நான். டிரம் சொல்கிறபடிதானே செட் நடக்கும். செட்டுக்குப் பின்னால் வருகிற ஜனமும் அதைக் கேட்டுத்தான் கால் வைக்கும். மாப்பிள்ளை ஊர்வலம் வந்தால் மாப்பிள்ளையும் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வருவார். ஊரில் எங்களுக்குத் 'தள்ளாட்டச் செட்டு' என்று பெயர். குடித்துவிட்டு வாசிக்கிறோம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரு சொம்பு கள் குடிப்பவர். வாரம் முழுக்கத் தள்ளாடுவதற்கு அது காணாது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

இந்தத் தள்ளாட்டத்தால் மாஸ்டருக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. எங்கள் ஊர் செஞ்சிக்கு வெளியே மாதா கோயிலைச் சுற்றி இருந்த சின்ன ஊர். வருடா வருடம் மாதா திருவிழாவுக்குச் சப்பரம் புறப்படும்போது முன்னால் வாசிக்கப் பாண்டிச்சேரியிலிருந்து செட் வரும். உள்ளூரில் ஒரு செட் இருக்கும்போது வெளியூர் செட். காரணம் இல்லாமல் இல்லை. நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்பு ஒரு வருடம் எங்கள் செட்டுக்கே அந்த வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். சப்பரம் தூக்கியவர்கள் டிரம்முக்கு ஏற்ப நடந்தார்கள். நடக்க நடக்கச் சப்பரம் ஒரு பக்கமாகவே ஆடியது. கோயில் முக்கு திரும்பும்போது மாதா சுரூபம் சாய்ந்து, தலையிலிருந்த கிரீடம் கழன்று ஒரு பொரிகடலைக் கூடையில் விழுந்தது. "மாதாவையே தள்ளாட வெச்சிட்டீங்களேடா" என்று பங்குச் சாமியார் அழாத குறை. அன்றோடு சரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கொடியேற்றத்துக்கு முன்னால் மாஸ்டர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சாமியாரைப் பார்க்கப் போவார். "பாப்பம் லூர்து" என்பார் சாமியார். இருபது வருடத்தில் சாமியார்கள் மாறினார்கள், 'பாப்பம்' மாறவில்லை. கிரீடம் விழுந்த கதையை ஒரு சாமியார் அடுத்த சாமியாரிடம் கோயில் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள் என்று நினைக்கிறேன். திருவிழா அன்று பாண்டிச்சேரிக்காரர்கள் வாசித்துக்கொண்டு போவார்கள். மாஸ்டர் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார். அவருடைய விரல்கள் சட்டைப் பொத்தான்கள் மேல் அந்த மெட்டை வாசித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்றால் பார்க்கச் சகிக்காது. "ஒரு தடவ நம்ம மாதா முன்னால வாசிச்சிட்டாப் போதும்" என்று கிளாரினெட்டைத் தடவிக்கொண்டே என்னிடம் ஒருநாள் சொன்னார். "அப்பறம் இத்த அடுப்புல வெச்சாலும் சரி."

மேல்சித்தாமூரில் ஒரு நயினார் வீட்டு, அதாவது சமணர் வீட்டுக் கல்யாணம் வந்தது. அவர்கள் பேசியிருந்த திண்டிவனம் செட், பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ் வழியில் நின்றுபோய் வந்து சேரவில்லை. வேறு கதி இல்லாமல் எங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். மாட்டு வண்டியில் போய் இறங்கினோம். மூன்று நாள் கல்யாணம். வெங்காயம் இல்லை, கிழங்கு இல்லை, துணியில் வடிகட்டிய தண்ணீர், பொழுது சாய்வதற்குள் ராச் சாப்பாடு முடிந்துவிடும். ஆனாலும் அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்பும் பின்பும் சாப்பிட்டதில்லை. நெய்யைக் கரண்டியால் ஊற்றவில்லை, சொம்பால் ஊற்றினார்கள்.

முதல் நாள் ராத்திரி கோடை மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை மாப்பிள்ளை அழைப்புக்குத் தயாராகத் தெருவில் வரிசை கட்டி நின்றோம். மாப்பிள்ளையின் தாத்தா நயினார் மெதுவாக வந்து எங்கள் காலடியைக் குனிந்து பார்த்தார். மழைக்குப் பிறகு செம்மண்ணிலிருந்து சின்னச் சின்னதாகச் சிவப்புப் பட்டுப்பூச்சி கிளம்புமே, தெரு முழுக்க அதுதான். எங்கள் ஏழு பேர் காலிலும் ஆணி அடித்த செருப்பு.

"இத்தினி உசுரு ஊர்ந்துக்கிட்டு இருக்குது. இதுமேல மிதிச்சிக்கிட்டு என் பேரன் கல்யாணம் நடக்க வேணாம்" என்றார் பெரியவர். "மாப்ள வெறுங்கால்ல பாத்து வரட்டும். நீங்க பந்தல்ல உக்காந்தே வாசிங்க."

உட்கார்ந்து வாசிப்பதா? பேண்டு என்றால் நடப்பதுதான். மாஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெரியவர் அசையவில்லை. பந்தலில் பெஞ்சு போட்டார்கள். மாஸ்டர் நடுவில், டிரம்பெட்டுகள் ஆளுக்கொரு மூலையில், குழந்தைசாமி அண்ணன் என் பக்கத்தில். மாஸ்டர் கிளாரினெட்டை வாயில் வைத்துக் கண்ணால் சைகை செய்தார். நான் பழக்க தோஷத்தில் குனிந்து பார்த்தேன். அண்ணனின் கால்கள் பெஞ்சுக்குக் கீழே சம்மணம் போட்டதுபோல் சும்மா பின்னிக்கொண்டு இருந்தன. நான் கோலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன்.

"அடிடா" என்றார் மாஸ்டர்.

"எந்தக் காலப் பாக்கறது மாஸ்டர்?"

"இன்னாத்துக்குடா காலப் பாக்கணும்?"

"காலப் பாத்துதான மாஸ்டர் அடிக்கிறன். மாமா அப்பிடித்தான் சொன்னாரு."

"யாரு காலு?"

"கொழந்த அண்ணன் காலு."

பந்தலில் பாத்திரம் தூக்கிக்கொண்டு போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். ஆறு பேரும் குனிந்து குழந்தைசாமி அண்ணன் காலைப் பார்த்தார்கள். அண்ணனும் குனிந்து பார்த்தார். பிறகு இடது காலை மெல்ல இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். "என் காலயா இத்தினி நாளா வாசிச்சோம்?" என்று கேட்டார்.

அந்தோணி சின்னப்பனைப் பார்த்தார், சின்னப்பன் அந்தோணியைப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்ததற்கு இருந்த ஒரே காரணமும் அந்த நிமிடம் அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டுவிட்டது. அதற்காக உடனே பேசிவிட முடியுமா? சாப்பாட்டு நேரம் வரைக்கும் பொறுத்து, அப்புறம் சின்னப்பன்தான் "மச்சான், அந்த நெய்ய இப்பிடித் தள்ளு" என்றார். அந்தோணி தள்ளினார்.

"என் காலப் பாரு" என்று மாஸ்டர் தன் வலது காலை நீட்டி ஆட்டினார். அதைப் பார்த்து அடித்தேன். பழைய மெட்டுதான், நாங்கள் ஆயிரம் தடவை வாசித்த மெட்டு. பாதி தாண்டியதும் மாஸ்டர் கிளாரினெட்டை இறக்கிவிட்டார். மற்றவர்கள் தொடர்ந்து வாசித்தோம், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் அந்தப் பெரியவர் வந்து, "இன்னொரு தடவ வாசிங்க" என்றார். எங்களிடம் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்ன முதல் ஆள் அவர். அதற்கு முன்னால் "போதும்" என்பதைத்தான் பல விதமாகக் கேட்டிருக்கிறோம்.

எல்லாம் எப்படிச் சரியானது என்பதற்கு வண்டியில் திரும்பி வரும்போதே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெங்காயம் இல்லாத சாப்பாடு மூச்சை நீட்டுகிறது என்றார் அந்தோணி. வடிகட்டிய தண்ணீர்தான் என்றார் சின்னப்பன். ஜால்ராக்காரர் பூச்சியைக் காப்பாற்றிய புண்ணியம் என்றார். அதுவரை கெட்டுக் கிடந்ததற்கு என் மாமாவின் போதனைதான் காரணம் என்பதை யாரும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. செஞ்சி வந்ததும் குழந்தைசாமி அண்ணன் பெருசை மாஸ்டர் மடியில் வைத்து, "நான் நின்னுக்கறன் மாஸ்டர்" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"என் காலாலதான இருவது வருசம் வீணாப் போச்சி."

"காலு வீட்டுல இருக்கட்டும். எனக்கு உன் வாயிதான் வேணும்" என்றார் மாஸ்டர். "நாளைக்கு வந்துடு."

தொலைக்காட்சியில் இப்போது எட்டு வயதுக் குழந்தைகள் பாடுகிறார்கள், 'இந்த வயசுலயே' என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் செட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் அப்போதே ஐம்பது ஆகியிருந்தது. அவர்கள் அன்றுமுதல் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார்கள். ஊருக்குள் பழகினால் சிரிப்பார்கள் என்று கோட்டைக்குள் போய்விட்டோம். ராஜகிரி அடிவாரத்தில் வளைவுக் கூரை போட்ட பழைய நெற்களஞ்சியம் இருக்கிறதே, அதற்குள் உட்கார்ந்து பழகினோம். வாசலில் ஆடுகள், சுவர்மேல் குரங்குகள். அங்கே ஒரு சௌகரியம், ஒரு சங்கடம். வெளியே ஒருவருக்கும் கேட்காது. ஆனால் உள்ளே ஒவ்வொரு பிசகும் கூரையில் மோதித் திரும்பி வந்து இன்னொரு தடவை காதில் விழும். மாஸ்டர் எங்களைத் திட்டவே தேவை இருக்கவில்லை, சுவரே திட்டியது.

உட்கார்ந்து பழகியபின் நடந்து பழகினோம். அண்ணனை வரிசையில் கடைசிக்கு, எனக்குப் பின்னால் மாற்றினார் மாஸ்டர். என் கண்ணுக்கு முன்னால் இனிமேல் சின்னப்பனின் பிடரிதான். அதையும் பார்க்கக் கூடாது, ஆகாயத்தைப் பார் என்று உத்தரவு. ஆகாயத்தைப் பார்த்து நடந்ததில் இரண்டு தடவை களஞ்சியத்துப் படியில் டிரம்மோடு உருண்டேன். பிறகு, எதையும் பார்க்காமல் காதால் கேட்டு அடிக்கிற ஒரு வழி இருப்பது எனக்கே தெரிந்தது. அப்போதுதான் மாஸ்டரின் கிளாரினெட்டை நான் முதன்முதலாகக் கேட்டேன் என்று சொல்லவேண்டும். இரண்டு வருடம் அந்த மனுஷன் பின்னாலேயே நடந்திருக்கிறேன், அவர் இப்படி வாசிப்பார் என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. வயிற்றில் டிரம் இல்லாவிட்டால் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

நன்றாக வாசிக்க ஆரம்பித்ததும் எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். பழைய வாடிக்கைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. தொண்டூரில் ஒரு சாவு வீட்டில், ஒப்பாரி வைத்த பொம்பளைகள் எங்களைக் கேட்டு ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். செத்தவரின் மகன் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா மாஸ்டர், அழுவ வந்தவங்க ஒக்காந்து கேக்கறாங்க. பழயபடி வாசிங்க" என்று கோபித்துக்கொண்டார். ஒரு கல்யாண வீட்டில் சத்தம் போதவில்லை என்றார்கள். முன்பெல்லாம் ஏழு பேரும் ஏழு பக்கம் இழுத்ததில் சத்தம் அதிகம், இப்போது எல்லாம் ஒன்றாகிவிட்டதால் குறைந்துபோனது போல் இருந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மாஸ்டர் தலையாட்டுவார். அவர் மனசு முழுக்கத் திருவிழாவில் இருந்தது.

கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் வெள்ளை வேட்டியில் கிளம்பினார். இந்தத் தடவை நாங்களும் கூடப் போனோம். அப்போதிருந்த சாமியார் வயதானவர், நிதானமானவர், எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். சாமியாருக்கு இது பொருத்தமான குணமா என்று தெரியவில்லை. "பாப்பம்" என்று ஆரம்பித்தார்.

"இப்பவே பாத்துடுங்க சாமி" என்றார் மாஸ்டர். "எனக்கு அறுவது ஆவப்போவுது. பல்லு ஆடுது. பல்லு போச்சின்னா இத்தக் கடிச்சி வாசிக்க முடியாது. அப்பறம் நீங்க குடுத்தாலும் எனக்கு ஒதவாது."

சாமியார் சப்பரம் தூக்குகிறவர்களைக் கூப்பிட்டனுப்பினார். வெறும் சப்பரத்தைக் கொண்டுவரச் சொல்லி, சுரூபம் நிற்கிற இடத்தில் வாய் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பிய ஒரு பித்தளைத் தவலையை வைத்தார். "கோயிலச் சுத்தி ஒரு தடவ வாசிச்சிக்கிட்டுப் போங்க. தண்ணி எவ்ளோ மிஞ்சுதுன்னு பாத்துச் சொல்றன்" என்றார்.

தூக்க வந்தவர்களில் மூன்று பேர் கிரீடம் விழுந்த வருடம் தூக்கியவர்கள். தோளைக் கொடுக்கும்போதே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள், நனையாமல் இருக்க.

வெயில் காய்ந்தது. மாஸ்டர் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். வாசித்தோம். கோயில் தென்பக்கச் சுவர், பின்பக்கத்துக் கல்லறைத் தோட்டம், வடக்கே புளியமரம். எனக்குப் பின்னால் குழந்தைசாமி அண்ணனின் செருப்புச் சத்தம் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் கேட்டுக்கொண்டே வந்தது. இரண்டு வருடப் பழக்கம் அது, என் கை அந்தப் பக்கம் போகத் துடித்தது. உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே கிளாரினெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், காதால். சட்டென்று பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. பெருசின் சத்தம் மட்டும் கேட்டது. சுற்றி முடித்ததும் திரும்பிப் பார்த்தால், அண்ணன் புளியமரத்தடியிலேயே நின்று வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று தன் காலை நிறுத்திவிட்டார், வாயை நிறுத்தவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

சாமியார் ஸ்டூல் போட்டு ஏறித் தவலையை எட்டிப் பார்த்தார். விரலை விட்டும் பார்த்தார். கோயில் முக்கில் கொஞ்சம் சிந்தியிருந்தது. அது தூக்கினவர்களின் தப்பு என்று அவரே தீர்ப்புச் சொன்னார். பாண்டிச்சேரிக்கு அந்த வருடம் ஆள் போகவில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் வாசித்தோம். குழந்தைசாமி அண்ணனும் முழுக்க நடந்தார், அவர் கால் என்னை ஒன்றும் செய்யவில்லை. சப்பரத்தில் மாதா அசையாமல் வந்தாள். மாஸ்டர் எப்படி வாசித்தார் என்று சொல்ல எனக்குத் தெரியாது. இருபது வருடம் சட்டைப் பொத்தானில் வாசித்து வைத்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. ஊரார் ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சப்பரம் சாய்ந்தால் இருபது வருடம் பேசுவார்கள், சாயாததைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

எல்லாம் முடிந்து கோயில் வாசலில் உட்கார்ந்து எல்லாரும் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பெஞ்சாதியும் பிள்ளைகளுமாகத் திருவிழா பார்க்க வந்த அனந்தபுரத்து ஆள் ஒருவர் மாஸ்டரிடம் வந்து கையைக் கூப்பினார்.

"பாண்டிச்சேரி செட்டுன்னா பாண்டிச்சேரி செட்டுதாங்க. இன்னாமா வாசிக்கிறீங்க" என்றார். "என் கல்யாணத்துக்கு இந்த செஞ்சி செட்டு ஒண்ணப் பேசிக் கூட்டியாந்தாரு எங்க நைனா. மாப்ள ஊர்வலத்துல என்னயே தள்ளாட வெச்சிட்டானுங்க. குடிகாரனுக்குப் பொண்ணக் குடுத்துட்டோம்னு மாமியா வீட்டுல ஒரே அழுவ. இன்னிக்கும் இவ சொல்லிக் காட்றா."

பெஞ்சாதி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சின்னப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"அந்த செட்டு இப்ப இருக்குதுங்களா?" என்று கேட்டார் அனந்தபுரத்துக்காரர்.

"இல்லீங்க" என்றார் மாஸ்டர். "அது கலஞ்சி போச்சி."

அவர் போனபிறகு மாஸ்டர் காப்பியை எடுத்துக் குடித்தார். அது ஆறிப்போயிருந்தது. சந்தோஷமா துக்கமா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், மனுஷன் குனிந்து கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு திருவிழாவுக்குத்தான் அவர் வாசித்தார். மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, கிளாரினெட்டைப் பிடித்துக்கொள்ள வாயில் ஒன்றும் இல்லை. அவர் இல்லாமல் செட் நடக்கவில்லை. மச்சான்கள் இரண்டு பேரும் ஒற்றுமையாகத் தரகுக் கடை வைத்தார்கள். குழந்தைசாமி அண்ணன் யுத்தம் முடிந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார். அவர் பிணத்துக்கு முன்னால் வாசிக்க வெளியூர் செட்தான் வந்தது. இப்போது அவர்களில் யாரும் இல்லை, அந்தப் பங்குச் சாமியாரும் இல்லை, கரி பஸ் இல்லை, என் வயிற்றில் அந்த அகலமும் இல்லை. பாண்டிச்சேரி செட்டும்கூட எப்போதோ இல்லாமல் போய்விட்டது.

செஞ்சிக் கடைத்தெருவில் என் வயதுக்காரர்கள் ஒன்றிரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். என்னைக் கண்டால், "தள்ளாட்டச் செட்டுல டிரம் அடிச்சவருதான?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஆமாம் என்பேன். பிற்பாடு நாங்கள் நன்றாக வாசித்தோம், மூன்று திருவிழா வாசித்தோம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அது பாண்டிச்சேரி செட்டு இல்ல?" என்கிறார்கள். இல்லை என்று சாட்சி சொல்ல மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். டிரம் அடித்தவன் சொன்னால் யார் நம்புகிறார்கள்?